ஹாக்கின்டாஷ் கணினிகளில் இரட்டை வரைகலை அட்டைகள்

ஹாக்கின்டாஷ் என்பது ஆப்பிள் நிறுவனம் தயாரிக்காத ஒரு கணினியில் அந்நிறுவனத்தின் மேக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்டிருப்பதைக் குறிக்கும் சொல் ஆகும். இத்தகைய கணினியில் இரண்டு வரைகலை அட்டைகளை ஒரே நேரத்தில் இயங்கச் செய்வது, ஹாக்கின்டாஷ் பயனர்கள் எதிர்கொண்ட கடினமான பணிகளுள் ஒன்றாகும். ஆப்பிள் தன் கணினிகளில் உள்ள வன்பொருளுக்கு மட்டுமே இவ்வியங்குதளத்தை ஆயத்தம் செய்கிறது. எனவே பிற கணினிகளில் உள்ள அட்டைகளைப் பற்றிய விவரங்களைப் பயனரே இயங்குதளத்துக்கு வழங்க வேண்டியுள்ளது.

இரண்டு அட்டைகளைப் பொருத்தினால் வேகம் இரு மடங்காகும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. மேக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளத்தில் இது பொருந்தாது. இங்கு இரண்டு அட்டைகளும் எப்போதும் இரு தனிக் கருவிகளாகவே இருக்கும். இவ்வேறுபாட்டை அறியாமல் இரண்டாவது அட்டையை வாங்குவது வீண் செலவாக முடியக்கூடும்.

பின்னணி

ஆப்பிள் நிறுவனம் 1994 முதல் மேக் கணினிகளில் பவர்பிசி செயலிகளைப் பயன்படுத்தி வந்தது. 2005 ஆம் ஆண்டு சூன் 6 அன்று, இன்டெல் செயலிகளுக்கு மாறவிருப்பதாக அறிவித்தது. முதல் இன்டெல் மேக் கணினிகள் 2006 சனவரியில் வெளியாயின. இதனால் மேக் கணினிக்கும் சாதாரண மேசைக் கணினிக்கும் இடையே செயலி, நினைவகம், வரைகலை அட்டை ஆகியவற்றில் இருந்த வேறுபாடு பெருமளவு குறைந்தது. மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4 டைகர் பதிப்பைப் பிற கணினிகளில் இயக்கும் முயற்சிகள் 2005 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டன. இம்முயற்சிகள் ஓஎஸ்எக்ஸ்86 என்ற பெயரால் அறியப்பட்டன.

சாதாரணக் கணினிகள் அக்காலத்தில் பயாஸ் முறையில் தொடங்கின. மேக் கணினிகளோ ஈஎஃப்ஐ முறையில் தொடங்கின. இந்த இடைவெளியை நிரப்ப, பூட் லோடர் எனப்படும் தொடக்க நிரல்கள் எழுதப்பட்டன. கமீலியன், க்ளோவர் ஆகியவை இவ்வகையில் பெரிதும் பயன்பட்டன. 2019 ஆம் ஆண்டில் ஓப்பன்கோர் வெளியாகி, பின்னர் இவற்றின் இடத்தைப் பெற்றது. இயங்குதளம் தொடங்கும் முன் வன்பொருள் பற்றிய தகவல்களை அதற்கு வழங்குவது இந்நிரல்களின் முதன்மைப் பணி ஆகும். வரைகலை அட்டை பற்றிய தகவலும் இவற்றின் வழியாகவே செல்கிறது.

இரண்டு அட்டைகளும் இயங்குதளமும்

இரண்டு வரைகலை அட்டைகளை இணைத்து ஒரே படத்தை வரையச் செய்யும் நுட்பம் பழமையானது. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 அட்டைகளில் 1998 ஆம் ஆண்டிலேயே இது இருந்தது. என்விடியா நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் எஸ்எல்ஐ நுட்பத்தையும், ஏடிஐ நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் கிராஸ்ஃபயர் நுட்பத்தையும் அறிமுகப்படுத்தின. இவற்றில் ஒரு அட்டை ஒரு சட்டகத்தையும் மற்றொரு அட்டை அடுத்த சட்டகத்தையும் மாறி மாறி வரையலாம். அல்லது ஒரே சட்டகத்தைப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அட்டைகளுக்கு இடையே பொருத்தப்படும் இணைப்புப் பாலம் மட்டும் இப்பணியைச் செய்வதில்லை. வேலையைப் பிரித்தளிப்பதும் முடிவுகளைச் சேர்ப்பதும் இயக்கி மென்பொருளின் பணியாகும். விண்டோஸ் இயங்குதளத்துக்கான இயக்கிகளில் இந்த ஆற்றல் இருந்தது. மேக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளத்துக்கான இயக்கிகளில் எஸ்எல்ஐ, கிராஸ்ஃபயர் ஆகிய இரண்டும் இடம்பெறவில்லை. எனவே ஹாக்கின்டாஷ் கணினியில் பாலத்தைப் பொருத்தினாலும் பயன் விளைவதில்லை.

ஆப்பிளின் சொந்தக் கணினிகளிலும் நிலைமை இதுவே. 2006 ஆம் ஆண்டு மேக் ப்ரோ கணினியில் நான்கு ஜீஃபோர்ஸ் 7300 ஜிடி அட்டைகள் வரை பொருத்த முடிந்தது. அவை எட்டுத் திரைகளை இணைக்கவே பயன்பட்டன. 2013 ஆம் ஆண்டு மேக் ப்ரோ கணினியில் இரண்டு ஏஎம்டி ஃபயர்ப்ரோ செயலிகள் இருந்தன. ஓஎஸ் எக்ஸ் இயங்குதளத்தில் அவற்றுள் ஒன்று திரைக்கும் மற்றொன்று கணிப்புப் பணிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. அதே கணினியில் விண்டோஸை நிறுவினால், அவ்விரு செயலிகளையும் கிராஸ்ஃபயர் முறையில் இணைக்க முடிந்தது. வேறுபாடு வன்பொருளில் இல்லை, இயக்கியில் உள்ளது என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

இரண்டாவது அட்டையால் கிடைக்கும் உண்மையான பயன்கள் பின்வருமாறு:

- கூடுதல் திரைகளை இணைக்கலாம். ஒவ்வொரு திரையும் அது இணைக்கப்பட்டுள்ள அட்டையினால் வரையப்படும்.
- ஓப்பன்சிஎல், கூடா, மெட்டல் ஆகிய இடைமுகங்களைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் கணிப்புப் பணிகளை இரண்டாவது அட்டைக்கு அனுப்பலாம். ஓப்பன்சிஎல் 2009 ஆம் ஆண்டு 10.6 பதிப்பிலும், மெட்டல் 2015 ஆம் ஆண்டு 10.11 பதிப்பிலும் சேர்க்கப்பட்டன.
- நிகழ்படத் தொகுப்பு மென்பொருள்கள் சில, இரண்டு செயலிகளையும் ஒருங்கே பயன்படுத்தும்படி எழுதப்பட்டுள்ளன. 2013 திசம்பரில் வெளியான ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் 10.1 இதற்கு எடுத்துக்காட்டாகும்.

இப்பயன்கள் அனைத்தும் மென்பொருளின் வடிவமைப்பைச் சார்ந்தவை. ஒரே செயலிக்காக எழுதப்பட்ட விளையாட்டு ஒன்று, இரண்டாவது அட்டை இருப்பதால் வேகம் பெறாது. அவ்வாறே அட்டைகளின் நினைவகமும் ஒன்று சேர்வதில்லை. 4 ஜிபி நினைவகம் கொண்ட இரு அட்டைகள் இருப்பினும், ஒரு பணிக்கு ஒரு அட்டையின் 4 ஜிபி மட்டுமே கிடைக்கும்.

அட்டையை இயங்குதளம் அறிந்துகொள்ளும் முறை

ஆப்பிள் விற்ற வரைகலை அட்டைகளில், ஈஎஃப்ஐ முறைக்கான நிலைபொருள் பதிக்கப்பட்டிருந்தது. கணினி தொடங்கும்போது இந்நிலைபொருள் அட்டையின் பெயர், நினைவக அளவு, வெளியீட்டுத் துறைகளின் அமைப்பு முதலிய பண்புகளை இயங்குதளத்துக்குத் தெரிவிக்கும். சாதாரணக் கணினிக்கான அட்டைகளில் பயாஸ் முறைக்கான நிலைபொருள் மட்டுமே இருந்தது. ஆகவே செயலி ஒன்றாகவே இருப்பினும், இயங்குதளம் அதைச் சரியாக அறிந்துகொள்ள இயலவில்லை.

இப்பண்புகளை வேறு வழியில் ஊட்டுவதற்குப் பல முறைகள் கையாளப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் நாட்டிட், என்விஇன்ஜெக்ட் போன்ற கருனி நீட்சிகள் பயன்பட்டன. கருனி நீட்சி என்பது இயங்குதளத்தின் கருனியுடன் சேர்ந்து இயங்கும் சிறு நிரலாகும். பின்னர் பண்புகளை ஒரே நீண்ட எண் சரமாக மாற்றித் தொடக்க நிரலின் அமைப்புக் கோப்பில் எழுதும் முறை வந்தது. டிஎஸ்டிடி எனப்படும் வன்பொருள் விவர அட்டவணையைத் திருத்தி எழுதுவது மற்றொரு முறையாகும். கமீலியன் நிரலில் அட்டையைத் தானே ஆராய்ந்து பண்புகளை உருவாக்கும் வசதியும் இருந்தது.

பண்புகளுள் மிகுந்த இடர் தருவது வெளியீட்டுத் துறைகளின் அமைப்பு ஆகும். என்விடியா அட்டைகளில் என்வி-கேப் எனப்படும் 20 பைட்டு மதிப்பு இதைக் குறிக்கும். எந்தத் துறை எந்தத் திரைக்கு உரியது என்பதை இம்மதிப்பே தீர்மானிக்கும். ஏடிஐ அட்டைகளுக்கு ஆப்பிளின் இயக்கியிலேயே ஃபிரேம் பஃபர் எனப்படும் ஆயத்த வரையறைகள் இருந்தன. ரேடியான் எச்டி 5000 வரிசைக்கான வரையறைகளுக்கு வெர்வெட், உவாகாரி, பபூன் போன்ற குரங்கினங்களின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. அட்டையிலுள்ள துறைகளின் எண்ணிக்கைக்கும் வகைக்கும் ஒத்துவராத வரையறையைத் தேர்ந்தெடுத்தால், கணினி இயங்கியபோதிலும் திரை கறுப்பாகவே இருக்கும்.

இரண்டாவது அட்டையைச் சேர்த்தல்

இரண்டு அட்டைகளும் ஒரே வகையினவாக இருந்தாலும், அவை தாய்ப்பலகையில் வெவ்வேறு செருகுவாய்களில் உள்ளன. ஒவ்வொரு செருகுவாய்க்கும் பிசிஐ பாதை என்னும் தனி முகவரி உண்டு. பண்புகள் இம்முகவரியுடன் சேர்த்தே எழுதப்படுகின்றன. முதல் அட்டைக்கு எழுதிய பண்புகள் இரண்டாவது அட்டையைச் சென்றடையாமைக்கு இதுவே காரணம். ஒரு அட்டை மட்டும் முழுமையாக இயங்கி, மற்றது பெயரளவில் மட்டும் காணப்படும் நிலைக்கு இத்தவறு அடிக்கடி காரணமாக அமைந்தது.

பொதுவாகப் பின்பற்றப்பட்ட ஒழுங்கு பின்வருமாறு:

1. முதலில் ஒரு அட்டையை மட்டும் பொருத்தி, இயங்குதளத்தை நிறுவி, அது குறையின்றி இயங்குவதை உறுதி செய்தல்.
2. இயங்கும் நிலையிலுள்ள தொடக்க நிரலையும் அதன் அமைப்புக் கோப்புகளையும் ஒரு யூஎஸ்பி நினைவகத்தில் படியெடுத்து வைத்தல். புதிய அமைப்பினால் கணினி தொடங்காமற்போனால், இப்படியின் உதவியால் மீண்டும் உள்ளே நுழையலாம்.
3. இரண்டாவது அட்டையைப் பொருத்தி, திரையை முதல் அட்டையிலேயே வைத்துக்கொண்டு கணினியைத் தொடங்குதல்.
4. இரண்டாவது அட்டையின் பிசிஐ பாதையைக் கண்டறிதல். ஜிஎஃப்எக்ஸ்யூட்டில் என்னும் கருவி இதற்குப் பயன்படுகிறது.
5. அம்முகவரிக்கு உரிய பண்புகளைத் தனித் தொகுதியாக எழுதுதல். பின்னர் மறுதொடக்கம் செய்து, திரையை இரண்டாவது அட்டைக்கு மாற்றிச் சோதித்தல்.

கணினி தொடங்கும்போது எந்த அட்டை முதன்மையாகக் கொள்ளப்படும் என்பதைப் பயாஸ் அமைப்பு தீர்மானிக்கிறது. முதன்மை அட்டையில் திரை இணைக்கப்படாவிடில் தொடக்க நிரலின் பட்டியல் தோன்றாது. இதைக் கணினி பழுதடைந்ததாகத் தவறாகப் புரிந்துகொள்வதும் உண்டு.

இயங்குதளத்தின் சிஸ்டம் புரொஃபைலர் மென்பொருளில் இரண்டு அட்டைகளின் பெயர்களும் தோன்றுவது மட்டும் போதுமான சான்று ஆகாது. அப்பெயர் பயனரே ஊட்டிய சொற்றொடராக இருக்கலாம். பழைய பதிப்புகளில் குவார்ட்ஸ் எக்ஸ்ட்ரீம், கோர் இமேஜ் ஆகியவற்றுக்கான ஆதரவும், புதிய பதிப்புகளில் மெட்டல் ஆதரவும் ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனியே காட்டப்படுகின்றனவா என நோக்க வேண்டும். 10.5 பதிப்பில் மேற்பட்டை ஒளிபுகும் தன்மையுடன் தோன்றுவது வன்பொருள் முடுக்கம் இயங்குவதற்கான எளிய அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

கணினி மாதிரியின் தாக்கம்

ஹாக்கின்டாஷ் கணினி, தன்னை ஏதேனும் ஒரு மேக் மாதிரியாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். எந்த மாதிரி தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது வரைகலை அட்டைகளையும் பாதிக்கிறது. 2013 மேக் ப்ரோவிலும் பிற்கால ஐமேக் மாதிரிகள் சிலவற்றிலும், எந்தத் துறையின் வழியாகத் திரை இயங்க வேண்டும் என்பதை வரையறுக்கும் கொள்கைக் கோப்பு ஒன்று இயங்குதளத்தில் உள்ளது. அந்த மாதிரியின் பெயரைத் தாங்கிய ஹாக்கின்டாஷ் கணினியில் இக்கொள்கை வேறு அட்டைகளின் மீதும் செலுத்தப்படுவதால் திரை கறுத்துவிடும். முன்னர் இக்கோப்பைக் கையால் திருத்தினர். பின்னர் வாட்எவர்கிரீன் என்னும் கருனி நீட்சி, கோப்பை மாற்றாமலேயே தொடக்கத்தின்போது இத்தடையை நீக்கியது.

உள்ளமை வரைகலைச் செயலியும் தனி அட்டையும்

இன்டெல் செயலிகள் பலவற்றில் வரைகலைச் செயலியும் உள்ளமைந்துள்ளது. இதனுடன் தனி வரைகலை அட்டை சேரும்போதும் இரட்டை வரைகலை அமைப்பு உருவாகிறது. மேசைக் கணினிகளில் மிகுதியாகப் பயன்பட்டதும் எளிதில் வெற்றி தந்ததும் இவ்வமைப்பே ஆகும்.

ஐமேக் கணினிகள் பலவற்றில் இதே அமைப்பு உள்ளது. அவற்றில் தனி அட்டை திரையை இயக்கும். உள்ளமைச் செயலி திரை எதனுடனும் இணையாமல், நிகழ்படங்களைக் குறியேற்றவும் குறியவிழ்க்கவும் மட்டும் உதவும். இன்டெல்லின் குவிக் சிங்க் நுட்பம் இதற்குப் பயன்படுகிறது. ஹாக்கின்டாஷ் கணினியில் இதைப் பின்பற்ற, பயாஸில் உள்ளமைச் செயலியை முடக்காமல் வைத்து, தனி அட்டையை முதன்மையாகத் தேர்ந்தெடுத்து, உள்ளமைச் செயலிக்குத் துறைகளற்ற ஃபிரேம் பஃபர் வரையறையை வழங்க வேண்டும். துறைகள் உள்ள வரையறையை வழங்கினால், இல்லாத திரையைத் தேடுவதால் குழப்பங்கள் நேரலாம்.

மடிக்கணினிகள்

மடிக்கணினிகளில் நிலைமை வேறானது. ஆப்பிள் 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளியிட்ட மேக்புக் ப்ரோவில் ஜீஃபோர்ஸ் 9400எம், 9600எம் ஜிடி என இரண்டு செயலிகள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறப் பயனர் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டியிருந்தது. 2010 ஆம் ஆண்டு முதல் இம்மாற்றம் தானாக நிகழ்ந்தது. இதற்கென ஆப்பிள் தன் மடிக்கணினிகளில் தனி மாற்றிச் சில்லு ஒன்றைப் பொருத்தியிருந்தது.

பிற நிறுவனங்களின் மடிக்கணினிகளில், 2010 ஆம் ஆண்டு அறிமுகமான என்விடியா ஆப்டிமஸ் நுட்பம் பரவியது. இதில் தனிச் செயலி பெரும்பாலும் திரையுடன் நேரடியாக இணைக்கப்பட்டிருக்காது. அது வரைந்த படம் உள்ளமைச் செயலியின் நினைவகத்துக்குப் படியெடுக்கப்பட்டு, அங்கிருந்து திரைக்குச் செல்லும். இப்பணியைச் செய்யும் மென்பொருள் மேக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளத்தில் இல்லை. ஆகவே ஆப்டிமஸ் மடிக்கணினிகளில் இரு செயலிகளையும் இணைந்து இயங்கச் செய்ய முடிவதில்லை.

பயன்படாத செயலியும் மின்சாரத்தை உண்ணும். இதனால் மின்கலம் விரைவில் தீர்வதுடன் கணினியும் சூடாகும். எனவே வன்பொருள் அட்டவணையில் உள்ள அணைக்கும் கட்டளையைப் பயன்படுத்தித் தனிச் செயலியை முற்றிலும் அணைப்பதே இங்கு சரியான தீர்வாகும். உறக்கநிலையிலிருந்து கணினி விழிக்கும்போது அச்செயலி மீண்டும் உயிர் பெறக்கூடும் என்பதால், விழிக்கும் வேளையிலும் இக்கட்டளை இயங்குமாறு அமைக்க வேண்டும்.

இயக்கிகளின் ஆதரவு

எவ்வளவு திறமையாக அமைத்தாலும், இயக்கி இல்லாத அட்டையை முழுமையாக இயக்க இயலாது. என்விடியா நிறுவனம் மேக் கணினிகளுக்கெனத் தன் தளத்தில் வெளியிட்ட இயக்கிகள் 10.13 ஹை சியரா பதிப்புடன் நின்றுவிட்டன. இந்த இயக்கிகள் இயங்குதளத்தின் கட்டமைப்பு எண்ணுடன் சரியாகப் பொருந்த வேண்டியிருந்தன. ஒரு சிறு பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கூட எண்ணை மாற்றி, இரண்டு அட்டைகளையும் ஒருசேர முடக்கிவிடக்கூடியதாக இருந்தது. 2018 ஆம் ஆண்டு வெளியான 10.14 மொகாவி பதிப்புக்கு இவ்வியக்கிகள் கிடைக்கவில்லை. ஆப்பிள் தானே ஆதரவளித்து வந்த கெப்ளர் வகை அட்டைகளும் 2021 ஆம் ஆண்டின் மான்டெரே பதிப்பில் கைவிடப்பட்டன.

இதன் பின் ஏஎம்டி அட்டைகளே எஞ்சின. ரேடியான் ஆர்எக்ஸ் 580 போன்ற அட்டைகளுக்கு இயங்குதளத்திலேயே இயக்கி இருந்ததால், ஒரே வகையான இரு அட்டைகளை இயக்குவது முன்பைவிட எளிதாயிற்று. ரேடியான் ஆர்எக்ஸ் 7000 வரிசைக்கு ஆப்பிள் இயக்கி வெளியிடவில்லை.

ஆதரவுள்ள அட்டை ஒன்றும் ஆதரவற்ற அட்டை ஒன்றும் ஒரே கணினியில் இருந்தால், தொடக்கத்தில் உறைதல், உறக்கநிலையில் கோளாறு முதலியன நேரலாம். விண்டோஸுக்கு ஒரு அட்டையும் மேக்ஓஎஸ்க்கு மற்றொரு அட்டையும் வைத்திருப்போர், ஆதரவற்ற அட்டையின் பிசிஐ பாதைக்கு முடக்கும் பண்பை எழுதி, அதை மேக்ஓஎஸ் பார்வையிலிருந்து மட்டும் மறைத்தனர்.

மின்சாரமும் தரவுத் தடங்களும்

இரண்டு அட்டைகளுக்கான மின்தேவையை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் 75 வாட் வரை வழங்கும். ஆறு முனை இணைப்பு 75 வாட், எட்டு முனை இணைப்பு 150 வாட் வழங்கும். ரேடியான் ஆர்எக்ஸ் 580 அட்டை ஒன்றுக்கு 185 வாட் தேவைப்படுவதால், இரண்டுக்கும் சேர்த்து 370 வாட் ஆகும். மின்வழங்கி இதற்கு ஈடுகொடுக்காவிடில், பளு மிகும் வேளையில் கணினி திடீரென அணையும். இது மென்பொருள் பிழை போலத் தோன்றுவதால், காரணத்தைக் கண்டறிவது கடினமாகலாம்.

மேசைக் கணினிகளுக்கான இன்டெல் செயலிகள் பலவற்றில் வரைகலை அட்டைகளுக்கென 16 தரவுத் தடங்கள் உள்ளன. அதற்கேற்ற தாய்ப்பலகையில் இரு அட்டைகள் பொருத்தப்படும்போது, ஒவ்வொன்றுக்கும் எட்டுத் தடங்கள் கிடைக்கும்.

சட்ட நிலை

ஆப்பிளின் உரிம ஒப்பந்தம், இவ்வியங்குதளத்தை ஆப்பிள் முத்திரை பெற்ற கணினிகளில் மட்டுமே நிறுவ இசைவளிக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த சைஸ்டார் நிறுவனம், 2008 ஏப்ரலில் மேக் ஓஎஸ் எக்ஸ் நிறுவப்பட்ட கணினிகளை விற்கத் தொடங்கியது. ஆப்பிள் அதே ஆண்டு சூலையில் வழக்குத் தொடுத்தது. 2009 நவம்பரில் கலிபோர்னியாவின் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. திசம்பரில் விற்பனைக்குத் தடையாணை பிறப்பிக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஹாக்கின்டாஷ் கணினிக்கு ஆப்பிளிடமிருந்தோ அட்டை தயாரிப்பாளரிடமிருந்தோ இவ்வகையில் தொழில்நுட்ப உதவி கிடைப்பதில்லை.

பிற்கால நிலை

2020 ஆம் ஆண்டு சூன் மாதத்தில், தான் வடிவமைக்கும் செயலிகளுக்கு மாறவிருப்பதாக ஆப்பிள் அறிவித்தது. முதல் எம்1 கணினிகள் அதே ஆண்டு நவம்பரில் வெளியாயின. இவற்றில் வரைகலைச் செயலி முதன்மைச் சில்லுக்குள்ளேயே அமைந்துள்ளது. 2023 ஆம் ஆண்டு மேக் ப்ரோவில் பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய்கள் இருந்தும், அவற்றில் வரைகலை அட்டைகளைப் பயன்படுத்த இயலாது. 2025 ஆம் ஆண்டு வெளியான மேக்ஓஎஸ் டஹோ பதிப்பே இன்டெல் கணினிகளுக்கான இறுதிப் பதிப்பு என ஆப்பிள் அறிவித்துள்ளது.

இதனால் ஹாக்கின்டாஷ் கணினிகளில் இரட்டை அட்டைகளை அமைக்கும் முறை, பழைய பதிப்புகளில் இயங்கும் கணினிகளுக்கு மட்டுமே உரியதாகச் சுருங்கி வருகிறது. எனினும், வன்பொருளைப் பொருத்துவதும் அதை இயங்குதளத்துக்கு உணர்த்துவதும் இரு வேறு பணிகள் என்பதை விளக்கும் எடுத்துக்காட்டாக இது கணினியியல் மாணவர்களுக்குப் பயன்படுகிறது.